தெரியாதவர் வீட்டுக்குப் போகும் கேக்

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, வீட்லயே குக்கீஸ் செஞ்சு விக்கலாம்னு இருக்கேன். லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு." ஒரே வார்த்தையில் பதில் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறாள். "என்ன செய்யப் போற, யாருக்கு விக்கப் போற, அவங்க கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதை முதல்ல சொல்லு" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவள் இருக்கும் ஊரின் சட்டம் வேறு, நான் இருக்கும் ஊரின் சட்டம் வேறு. ஆனால் வீட்டு அடுப்படியில் செய்ததை விற்க வருபவரிடம் எந்த ஊர்ச் சட்டமும் முதலில் கேட்பது ஏறக்குறைய இந்த மூன்றைத்தான். இது எனக்குப் புரிய நாலு வருடம் ஆனது. அதுவும் ஒருநாள் நன்றாகப் பயந்த பிறகுதான்.

விற்க ஆரம்பித்த புதிதில் என்னிடம் வாங்கியவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். யார் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள், யார் பையனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவராக, முகம் தெரியாதவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்த ஓர் அம்மா, மகளின் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கேக் சொல்லியிருந்தார். "நட்ஸ் எதுவும் போட மாட்டீங்கதானே? என் தங்கச்சி பையனுக்கு ஆகாது" என்று கேட்டார். "போடவே மாட்டேன்" என்றேன். போடவும் இல்லை. கேக்கைக் கொடுத்தனுப்பிவிட்டு மேடையைத் துடைக்கும்போது, சமையல் சாக்லேட்டின் உறை குப்பைக்கூடையில் மேலாகக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: பாதாம், ஹேசல்நட் துகள்கள் இருக்கலாம்.

உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். கேக்கை இன்னும் வெட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்க, அவனுக்கு வேற ஏதாவது கொடுத்துக்கறோம்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தால் அந்த விளக்கம் யாருக்கும் எதற்கும் உதவியிருக்காது.

அன்று இரவுதான் உணவுச் சட்டங்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அதுவரை அவை எனக்குப் படிவமும் முத்திரையும் மட்டும்தான்.

முதலில் கண்ணில் பட்டது, வீட்டு அடுப்படியைச் சட்டங்கள் எங்கே வைக்கின்றன என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார ஒழுங்குமுறையில், எண் 852, கூடாரம், சந்தைக் கடை, நடமாடும் வண்டி, காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம் ஆகியவற்றுக்கு ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் வழக்கமாகச் சமைத்து விற்பவர்களும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறார்கள். பெரிய உணவகத்துக்குக் கேட்கும் எல்லாவற்றையும் இவர்களிடம் அப்படியே கேட்க முடியாது, ஆனால் சுத்தம், கை கழுவ வசதி, குளிர்ச்சி, குப்பை ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கவும் முடியாது என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பிரிட்டனில் வியாபாரம் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பதிவை மறுக்கவும் முடியாது. பிறகு அதிகாரி வந்து அடுப்படியைப் பார்ப்பார். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ், வீட்டில் செய்து விற்பவரும் உணவு வணிகர்தான். சிறு அளவில் செய்பவருக்குப் பதிவு, அதற்கு மேல் உரிமம். எதுவானாலும் 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். சிங்கப்பூரில் வீட்டிலிருந்து சிறு அளவில் செய்து விற்க உணவு முகமையின் உரிமம் தேவையில்லை. அதற்குப் பதிலாக, வீட்டில் குடியில்லாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, பெரிய இயந்திரங்களைப் பூட்டக் கூடாது என்று வேறு பக்கத்திலிருந்து வேலி போடுகிறார்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதே அங்கே பெரிய கவலை. கனடாவின் ஒன்டாரியோவில் 2020 முதல், ஆபத்துக் குறைந்த பண்டங்களை வீட்டில் செய்பவர்களுக்குத் தனிக் கை கழுவும் தொட்டி போன்ற சில நிபந்தனைகளிலிருந்து விலக்கு உண்டு.

அமெரிக்காவின் கதை தனி. அங்கே இது மாநிலங்களின் கையில் இருக்கிறது. "காட்டேஜ் ஃபுட்" சட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதம். கலிஃபோர்னியாவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாங்குபவருக்கு நேரடியாக விற்பவர், கடைகள் வழியாகவும் விற்பவர் என்று இரண்டு வகுப்பாகப் பிரித்தது. இரண்டாவது வகுப்புக்கு நேரில் வந்து ஆய்வும் உண்டு. விஸ்கான்சினில் வீட்டில் சுட்ட பண்டங்களை விற்கத் தடை இருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2017-இல் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. நியூ ஜெர்சிதான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. அங்கே வீட்டில் சுட்ட குக்கீயை விற்க 2021 அக்டோபரில்தான் வழி பிறந்தது. அதுவரை அதே குக்கீயை நன்கொடைக்காகச் சுட்டுக் கொடுக்கலாம், காசுக்கு விற்கத்தான் கூடாது. இந்தத் தடையை எதிர்த்துப் போராடியவர்கள் பக்கம்தான் நான். குக்கீ காசுக்குக் கைமாறுவதால் அதில் புதிதாக ஒரு கிருமி வந்துவிடாது.

அப்படியானால் சட்டத்துக்கு உண்மையிலேயே என்ன கவலை? இங்கேதான் முதல் கேள்வி வருகிறது, என்ன செய்யப் போகிறாய் என்பது.

பெரும்பாலான சட்டங்கள் பண்டங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. வெளியே வைத்தாலும் ஆபத்தில்லாதவை, குளிரில் வைக்காவிட்டால் ஆபத்தாகிறவை. குக்கீஸ், ரொட்டி, கிரீம் இல்லாத கேக் முதல் பக்கம். பிரெஷ் கிரீம் கேக், கஸ்டர்டு வைத்தது, சீஸ்கேக், வெட்டிய பழம் மேலே வைத்தது எல்லாம் இரண்டாவது பக்கம். எந்தப் பண்டம் எந்தப் பக்கம் என்பதற்கு அளவுகோல் ஒன்று இருக்கிறது. நீர்ச் செயல்பாடு என்று அதைச் சொல்லலாம். சுத்தமான தண்ணீருக்கு அது 1. பண்டத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை விட, அதில் எவ்வளவு ஈரம் கிருமிக்குக் கிடைக்கும் என்பதையே இது அளக்கிறது. சர்க்கரையும் உப்பும் தண்ணீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பார்க்க ஈரமாக இருக்கும் ஜாம் மாதக்கணக்கில் நிற்கிறது, அதைவிடக் காய்ந்தது போல் தெரியும் பண்டம் இரண்டு நாளில் ஊசிப்போகிறது. பல விதிகளில் 0.85 என்ற எண்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியால் நஞ்சை உண்டாக்க முடியாது. நம் கையிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கிற கிருமி அது. அதன் நஞ்சு ஒருமுறை உண்டாகிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் போகாது. கூடவே 4.6 என்று இன்னோர் எண் வரும். அது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அதற்குக் கீழே போனால் பொட்டுலினம் என்ற நஞ்சுக் கிருமி வளராது.

மொறுமொறு குக்கீ 0.85-க்கு வெகு கீழே இருக்கும். ஆனால் ரொட்டி 0.95 பக்கம் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் ரொட்டிக்கு அனுமதியே கிடைக்காது. வெந்த ரொட்டியில் முதலில் வருவது பூஞ்சை, அது கண்ணுக்குத் தெரியும், யாரும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள். அதனால் பல இடங்களில் எண்ணோடு நிற்காமல் இன்னின்ன பண்டம் என்று பட்டியலே போட்டுவிடுகிறார்கள். என் யோசனை, முதலில் அந்தப் பட்டியலைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பண்டம் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிரீம் சீஸ் பூசிய கேரட் கேக் மாதிரி நடுவில் நிற்கும் பண்டங்களுக்கு அதே பட்டியலில் தனிக் குறிப்பு இருக்கும். கேக் சரி, மேலே பூசுவது சரியில்லை என்று எழுதியிருப்பார்கள்.

ஃபிரிட்ஜ் தேவைப்படும் பண்டம் என்றால் கணக்கே மாறிவிடும். இங்கிலாந்தில் 8 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அமெரிக்க உணவு விதிகளில் 5 டிகிரி. நான் பத்து வருடமாக வைத்திருந்த ஃபிரிட்ஜுக்குள் முதல் முறையாக ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். கதவுப் பக்கம் 11 காட்டியது. கிரீமை நான் வைத்திருந்தது அந்தக் கதவில்தான்.

அடுத்து லேபிள். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தெரிந்தவருக்குக் கேக் கொடுக்கும்போது நாமும் கூடவே போகிறோம். இதில் என்ன போட்டாய் என்று கேட்டால் சொல்வோம். தெரியாதவர் வீட்டுக்குக் கேக் மட்டும்தான் போகிறது. அங்கே நம் இடத்தில் நின்று பதில் சொல்வது அந்தத் துண்டுக் காகிதம். 2016-இல் நடாஷா எட்னன் லாபெரூஸ் என்ற 15 வயதுப் பெண் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய, பகெட் என்ற நீள ரொட்டியைச் சாப்பிட்டு இறந்துபோனாள். அவளுக்கு எள் ஒத்துக்கொள்ளாது. எள், ரொட்டியின் மாவோடு சேர்த்துப் பிசைந்து சுடப்பட்டிருந்தது, மேலே பார்த்தால் தெரியாது. உறையில் எழுதியிருக்கவில்லை. விற்கும் இடத்திலேயே செய்து கட்டிய உணவுக்கு அன்றைய சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கவும் இல்லை. அவளுடைய பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் அப்படிப்பட்ட உணவிலும் எல்லாச் சேர்மானங்களும் எழுதப்பட வேண்டும், ஒவ்வாமை தருபவை தனித்துத் தெரிய வேண்டும். நடாஷா சட்டம் என்றுதான் அதை அழைக்கிறார்கள். மாவில் மறைந்துகிடந்த எள்ளை நினைத்தால் எனக்கு என் குப்பைக்கூடையில் கிடந்த உறைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒவ்வாமைப் பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 14 பொருள்கள். கடுகும் செலரியும்கூட உண்டு. அமெரிக்காவில் எட்டாக இருந்தது, 2023 ஜனவரியில் எள் சேர்ந்து ஒன்பதானது. வீட்டில் கேக் சுடுபவருக்கு இதில் தப்பவே முடியாதவை கோதுமை, முட்டை, பால், சோயா, கொட்டைப் பருப்புகள். சோயா எங்கே வருகிறது என்பீர்கள். முதல் லேபிளை எழுத உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, சாக்லேட் சில்லுகள், பேக்கிங் பவுடர், எசென்ஸ், உப்பு என்று எட்டு வரியில் முடித்துவிட்டேன். ஆனால் சாக்லேட் சில்லு ஒரு பொருள் இல்லை, அதற்குள்ளே ஐந்து பொருள். உறையைத் திருப்பினால் சர்க்கரை, கோகோ, கோகோ வெண்ணெய், பால்பொடி, கடைசியில் சோயா லெசித்தின். பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பினால் அதிலும் மாவுச்சத்து. வெண்ணெய் என்றாலே பால்தானே, தனியாக எதற்கு என்று தோன்றும். ஆனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு வரி பதினேழு வரியானது. என் சொந்தக் குக்கீயில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

எடையையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். சூடாக இருக்கும்போது நிறுத்துப் பார்த்து 250 கிராம் என்று எழுதினேன். ஆறிய பிறகு நிறுத்தால் 243. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் ஆவி போய்க்கொண்டேதான் இருக்கிறது. லேபிளில் சொன்னது பெட்டியில் இருக்க வேண்டும், ஆகவே முழுக்க ஆறிய பிறகுதான் தராசு.

மற்ற விவரங்கள் இடத்தைப் பொறுத்தவை. கலிஃபோர்னியாவில் இது வீட்டு அடுப்படியில் செய்தது என்று பளிச்சென்று அச்சிட வேண்டும். இந்தியாவில் பதிவு எண்ணோடு சைவ, அசைவக் குறியும் வேண்டும். முட்டை சேர்ந்த கேக்குக்கு அங்கே பச்சைக் குறி போடக் கூடாது. பிரிட்டனில் போனிலோ இணையத்திலோ ஆர்டர் எடுத்தால், வாங்குபவர் முடிவு செய்வதற்கு முன்பு ஒரு முறையும் கொடுக்கும்போது ஒரு முறையும் ஒவ்வாமை விவரம் கிடைக்க வேண்டும். மூன்றாவது கேள்வியான எப்படிப் போய்ச் சேரும் என்பது இதற்காகத்தான். கூரியரில் அனுப்புவதா, வேறு மாநிலத்துக்கு அனுப்புவதா, கடையில் வைத்து விற்பதா என்பதைப் பொறுத்துப் பல இடங்களில் வகுப்பே மாறிவிடும்.

லேபிளில் விளையாடக் கூடாத சொற்கள் சில உண்டு. "குளூட்டன் இல்லாதது" என்று எழுதப் பல நாடுகளில் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. காலையில் மைதா சலித்த அடுப்படியில் மாவு காற்றிலேயே மிதக்கும். மதியம் அரிசி மாவில் கேக் செய்துவிட்டு அந்த வார்த்தையை எழுத எனக்குத் துணிவில்லை. கேட்பவர்களிடம் "மைதா போடாதது, ஆனால் மைதா புழங்கும் அடுப்படி" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும்.

அப்புறம் மினுமினுப்புத் தூள். இதைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். கேக்கின் மேல் பூசியிருந்த மினுமினுப்புத் தூளில் இருந்தது தாமிரம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் இதை அறிக்கையாக வெளியிட்டது. இந்தத் தூள் டப்பாக்களில் "நச்சற்றது" என்று எழுதியிருப்பார்கள். அதற்குச் சாப்பிடலாம் என்று பொருள் இல்லை. சாப்பிடத் தக்கது என்று தனியாக எழுதி, சேர்மானப் பட்டியலும் இருந்தால் மட்டுமே அது உணவு. "அலங்காரத்துக்கு மட்டும்" என்று இருந்தால் அடுப்படிக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடு 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவில் தடை. இங்கிலாந்து அந்தத் தடையைப் பின்பற்றவில்லை. ஆகவே வேறு நாட்டிலிருந்து வாங்கும் நிறங்களை உங்கள் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரி, காப்பீடு, வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் வியாபாரத்துக்கு இடமுண்டா, கார்ட்டூன் உருவங்களைக் கேக்கில் போட உரிமை உண்டா என்பதெல்லாம் உண்டு. எல்லாமே தேவைதான், ஆனால் இவை எந்த வியாபாரத்துக்கும் பொது என்பதால் இங்கே விரிக்கவில்லை. காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக் காப்பீடு வியாபாரத்தால் வரும் இழப்பை ஏற்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. வந்தவர் அலமாரிகளின் அழகைப் பார்க்கவில்லை. "கை எங்கே கழுவுவீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். தொட்டியைக் காட்டினேன். காலை டிபன் பாத்திரங்கள் அதில் நிரம்பிக் கிடந்தன. "இப்ப முட்டையை உடைச்சிட்டீங்கன்னா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வேலை தொடங்கும் முன் தொட்டி காலியாக இருக்க வேண்டும், பக்கத்தில் சோப்பும் பேப்பர் டவலும் இருக்க வேண்டும், துணித்துண்டு வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். வளர்ப்புப் பிராணி உண்டா, கேக் செய்யும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று கேட்டார். சாக்லேட் எந்த நாளில் வாங்கியது, எந்தக் கேக்குகளுக்குப் போனது என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

அந்தச் சாக்லேட் கேக் நாளுக்குப் பிறகு நான் எந்த உறையையும் உடனே குப்பையில் போடுவதில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பேன், மேலே தேதியும் யார் யார் ஆர்டர் என்பதும் பேனாவால் எழுதியிருக்கும். அந்தக் கேக்குகளின் நாள் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் எறிவேன். ஐரோப்பிய உணவுச் சட்டம் இதையே யாரிடமிருந்து வந்தது என்று ஒரு படி பின்னால், யாருக்குப் போனது என்று ஒரு படி முன்னால் சொல்லத் தெரிய வேண்டும் என்று கேட்கிறது. வீட்டில் நேரடியாகச் சாப்பிடுபவருக்கே விற்கும்போது முன்னால் போகும் படியைப் பல இடங்களில் எழுதிவைக்கக் கேட்பதில்லை. நான் எழுதிவைக்கிறேன். டின்னைத் திறந்து காட்டினேன். அவர் ஓர் உறையை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து உள்ளே வைத்தார்.

சித்தி மகளிடம் இதில் பாதியைத்தான் போனில் சொல்ல முடிந்தது. அவள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்க மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: முட்டை, வெண்ணெய் சேர்ந்த குக்கீ உங்கள் பட்டியலில் உண்டா? வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் கொடுத்தால் எந்த வகுப்பு? லேபிளில் வீட்டு முகவரி கட்டாயமா, பதிவு எண் போதுமா? மூன்றாவது அவளுக்கு முக்கியம், தனியாக இருக்கிறாள்.

நேற்று இரவு அவளுடைய முதல் லேபிளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அழகான எழுத்து, ஓரத்தில் ஒரு சின்னப் பூ. மூன்று இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். வெண்ணெய்க்குப் பக்கத்தில் பால் என்று எழுது. சில்லுகளின் உறையைப் பார்த்து உள்ளே இருப்பதை எழுது. எடை ஆறிய பிறகு எடுத்ததா?

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "இரு அக்கா, உறையைக் குப்பையில போட்டுட்டேன். தேடிட்டு வரேன்."